திங்கட்கிழமை எழுதாத மனு

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்கு 'மனுக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். மனுவையும் அக்காவையும் ஒட்டிச் செய்த பெயர். அவள் காதுபட யாரும் சொல்வதில்லை. ஆனால் வாசலில் அவள் வண்டியை நிறுத்தும்போதே, "மனுக்கா வந்தாச்சு, சீக்கிரம் தரையைத் துடைங்க" என்று உள்ளே ஒரு குரல் கிசுகிசுப்பது அவளுக்கு நன்றாகவே கேட்கும்.

பெயர் சும்மா வரவில்லை. அப்பாவை அங்கே சேர்த்த மூன்று வருஷத்தில் பதினோரு புகார் கொடுத்திருந்தாள். காலுறை ஒன்று காணாமல் போனதற்கு ஒரு புகார். சூப் ஆறிப்போய் வந்ததற்கு ஒன்று. குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போனதற்கு ஒன்று. ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்து, தேதி போட்டு, 'உடனடி நடவடிக்கை கோரி' என்று பொருள் எழுதி, நகல் எடுத்துத் தன் கோப்பில் வைத்துக்கொள்வாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் கடிதப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். எப்படி எழுதினால் மேலிடத்தால் தட்டிக்கழிக்க முடியாது, எந்த இடத்தில் ஓட்டை விட்டால் சுலபமாகத் தட்டிவிடலாம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவளுக்கு இருந்த ஒரே உறவு அப்பாதான். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் ஒரு பெட்டியோடு அவள் திரும்பி வந்து நின்றபோது, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்துவிட்டு, பெட்டியை வாங்கி உள்ளே வைத்தவர். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார். எழுபத்தைந்து வயதுக்குமேல் நினைவு ஒவ்வொன்றாகக் கழன்றது. ஒருநாள் அவள் ஆபீஸில் இருந்தபோது, வீட்டு மின்பெட்டியைச் சமையல் கத்தியால் திறந்து, கம்பிகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, "அஞ்சாவது மாடியில ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க" என்று வியர்த்துக் கொட்ட நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்ததால் உயிர் பிழைத்தார். அதன்பிறகுதான் இல்லம். சேர்த்துவிட்டு வந்த அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுவாரமே முதல் புகாரை எழுதினாள்.

இல்லத்தில் அப்பாவைப் பார்த்துக்கொண்டவன் 'நெட்டை'. முப்பத்திமூன்று வயது. ஆறடிக்கு மேல் உயரம். கட்டில்களுக்கு நடுவே அவன் குனிந்து நிமிர்வதைப் பார்த்தால் மடக்குக் குடையை விரித்து மூடுவதுபோல இருக்கும். காதில் தண்ணீர் போன விவகாரத்தில் அவன்மேல்தான் புகார் போயிற்று. மேட்ரன் கூப்பிட்டு விசாரித்தபோது, "ஆமா மேட்ரன், போயிருச்சு. தலையை இந்தப் பக்கம் சாய்ச்சுருக்கணும்" என்று ஒப்புக்கொண்டான். அதோடு சரி. மறுவாரம் அவள் போனபோது அதே சிரிப்போடு, "வாங்கக்கா" என்றான். அவளுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அப்பாவைச் சாப்பிட வைக்க அவன் ஒருத்தனால்தான் முடியும். அறைக்குள் யார் வந்தாலும் அப்பா, "எந்த மாடி?" என்று கேட்பார். மற்றவர்கள், "இது லிஃப்ட் இல்ல தாத்தா" என்று திருத்துவார்கள். உடனே அவருக்குக் கோபம் வரும், வாயை இறுக்கிக்கொள்வார். நெட்டை மட்டும், "மூணாவது மாடி ஐயா. கேன்டீன் அங்கதான். வேலையை முடிச்சாச்சு, சாப்பிட்டுட்டு மேல போவோம்" என்பான். அப்பா நிம்மதியாக வாயைத் திறப்பார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அவன் அவசரப்பட்டு அவள் பார்த்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தொற்று வந்தது. இல்லத்தின் கதவைச் சாத்தினார்கள். வெளியாட்கள் யாருக்கும் அனுமதி இல்லை.

அப்பாவின் அறை தரைத்தளத்தில், பின்சந்தை ஒட்டி இருந்தது. கம்பி போட்ட ஜன்னல், உள்பக்கம் கண்ணாடி. தினமும் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து அந்தச் சந்தில் வந்து நிற்பாள். நெட்டை தன் போனை அப்பாவின் காதில் வைப்பான். இவள் இந்தப் பக்கம் இருந்து பேசுவாள். அப்பா, குரல் எங்கிருந்து வருகிறதென்று கூரையைப் பார்ப்பார்.

மூன்றாவது வாரம் ஒருநாள், உள்ளே நெட்டை மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றான். கால் இரண்டிலும் குப்பை போடுகிற பிளாஸ்டிக் பைகள், கணுக்காலில் ரப்பர் பேண்ட்.

"என்ன தம்பி, உள்ள மழையா?" என்றாள் போனில்.

"பெரிய மழைக்கா" என்று சிரித்தான். சிரித்து முடித்த பிறகு சொன்னான்: "கோட்டு எதுவும் குடுக்கலக்கா. மாஸ்க்கு ஆளுக்கு ஒண்ணு. ஆறு நாளா அதையே துவைச்சுப் போட்டுக்கிட்டு இருக்கோம். கேட்டா, ஆஸ்பத்திரிக்கு மட்டும்தானாம்."

"மத்தவங்கள்லாம் எங்க?"

"ரெண்டு பேருக்கு வீட்டுக்காரங்க வாசலைப் பூட்டிட்டாங்க. நோயைக் கொண்டுவந்துருவீங்கன்னு சாமானை எடுத்து வெளியில வச்சுட்டாங்களாம். அதனால நாங்க ஒம்பது பேரும் உள்ளேயே தங்கிட்டோம். சாப்பாட்டு ஹால்ல பாய் போட்டுப் படுத்துக்கறோம். வெளிய போனாத்தானே எதையாவது கொண்டு வருவோம்?"

சொல்லும்போது அவன் குரலில் குறை இல்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னான். அன்று வீட்டுக்குப் போனதும் அவள் தன் கோப்பை எடுத்தாள். பதினோரு நகல்களையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். காலுறை, சூப், காது. கோப்பை மூடி அலமாரியின் அடித்தட்டில் தள்ளிவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்தாள்.

சுகாதார அலுவலகத்துக்கு எழுதினாள். முதியோர் இல்லங்கள் நலத்துறையின் கீழ் வருகின்றன, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று பதில் வந்தது. நலத்துறைக்கு எழுதினாள். முகக்கவசம் சுகாதாரத்துறையின் பொருள், எங்களிடம் இருப்பு இல்லை என்று பதில் வந்தது. இரண்டு பதிலையும் ஒன்றாக இணைத்து இரண்டு இடத்துக்கும் அனுப்பினாள். அதற்குப் பதிலே வரவில்லை.

ஆபீஸில் லீவு போட்டுவிட்டு, சுகாதார அலுவலகத்துக்கு நேரில் போனாள். தாழ்வாரத்தில், உட்காரக் கூடாதென்று ஒன்றுவிட்டு ஒன்றாகக் குறுக்கே கோடு போட்ட நாற்காலிகள். மூன்று மணி நேரம் கழித்து அதிகாரி கூப்பிட்டார்.

"அது ஆஸ்பத்திரி இல்லையேம்மா" என்றார்.

"இல்ல சார். ஆஸ்பத்திரின்னா குணமாகி வீட்டுக்குப் போயிடுவாங்க. இங்க இருக்கறவங்க போக மாட்டாங்க. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை தொட்டுத் தூக்கணும். வாயைத் துடைக்கணும், கழுவி விடணும். ஆறடி தள்ளி நின்னு செய்யற வேலையா சார் இது?"

"நர்ஸா அவங்க?"

"இல்ல. பார்த்துக்கறவங்க."

"அதான் சொல்றேன். பட்டியல்ல டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ் டிரைவர் இருக்கு. பார்த்துக்கறவங்கன்னு ஒரு வரி இல்ல. இல்லாத வரிக்கு நான் எப்படி சரக்கு ஒதுக்கறது?"

"அந்த வரியைச் சேருங்க சார்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கல்லில் நார் உரிக்கிற வேலை என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மேட்ரனிடம் கேட்டு, இல்லத்தில் இருக்கிறவர்களின் பிள்ளைகளை, மருமகள்களை, அக்கா மகன்களைத் தேடிப் பிடித்தாள். இருபத்தாறு பேர் தேறினார்கள். பாதிப்பேர் முதலில், "என்னத்துக்கு வம்பு?" என்றார்கள். நெட்டை மழைக்கோட்டோடு நிற்பதை ஜன்னல் வழியாகப் படம் எடுத்து அனுப்பினாள். பிறகு யாரும் வம்பு என்று சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு நேரம் ஒதுக்கினாள். காலை ஒன்பதரை தொடங்கி, பத்து நிமிஷத்துக்கு ஒருத்தர் அந்த அதிகாரியின் போனுக்குக் கூப்பிட வேண்டும். மரியாதையாகப் பேச வேண்டும். ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும்: "சார், அந்த வரியைச் சேர்த்தாச்சா?"

நான்காவது நாள் அவரே அவளைக் கூப்பிட்டார். "அம்மா, உங்க ஆளுங்களை நிறுத்தச் சொல்லுங்க. என் சம்சாரம் கூப்பிட்டாக்கூட லைன் கிடைக்க மாட்டேங்குது" என்றார்.

"வரி சார்?"

"சேர்த்தாச்சு, சேர்த்தாச்சு."

வியாழக்கிழமை பெட்டிகள் வந்து இறங்கின. உடைகள், முகக்கவசங்கள், கையுறைகள், விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற கருவி நான்கு. அந்த இல்லத்துக்கு மட்டுமல்ல, அந்த வட்டத்தில் இருந்த எல்லா முதியோர் இல்லங்களுக்கும். அன்று சாயங்காலம் சந்தில் அவள் நின்றபோது, ஒன்பது பேரும் வெள்ளை உடையில் ஜன்னலுக்குள் முண்டியடித்து நின்றார்கள். முகம் தெரியவில்லை. நெட்டையை மட்டும் உயரத்தை வைத்துக் கண்டுபிடித்தாள். யாரோ ஒரு பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "மனுக்கா, தாங்க்ஸ்!" என்று கத்தினாள். கத்திவிட்டு, பெயரைச் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டது கண்ணில் தெரிந்தது. அவள் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு மனசு விட்டுச் சிரித்தாள்.

கதை அதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு பெரியவர் திரும்பி வந்தார். அவரோடு தொற்றும் உள்ளே வந்தது. பத்து நாளில், உள்ளே தங்கியிருந்த ஒன்பது பேரில் நான்கு பேர் படுத்தார்கள். மேட்ரனும் காய்ச்சலோடு தனியறைக்குப் போனார். சனிக்கிழமை அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது.

ஆஸ்பத்திரியில் இடமில்லை. இருந்தாலும், தெரியாத இடத்தில், முகம் தெரியாத ஆட்களிடம் அப்பா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் போனில் சொன்னார்: "இந்த வயசுல மருந்து பாதிதான். உடம்புல தெம்பு இருக்கணும். எப்படியாவது உள்ள சாப்பாடு போகணும்." எப்படியாவது என்றால் நெட்டை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒவ்வொரு வேளையும் ஒரு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்து, கால் கிண்ணம், அரைக் கிண்ணம் என்று உள்ளே செலுத்தினான். முடிந்ததும் அவளுக்குச் செய்தி வரும்: 'ஐயா ஆறு கரண்டி.' 'ஐயா ஒன்பது கரண்டி.' அந்தச் செய்திகளில்தான் அவள் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை அவன் போன் செய்தான். எடுத்ததும், "அப்பா எப்படி இருக்காரு?" என்றாள்.

"ஐயா பரவால்லக்கா. ஏழு கரண்டி. இது வேற விஷயம்." கொஞ்சம் தயங்கினான். "ஊர்ல அம்மாவுக்கு முடியலையாம். தங்கச்சி கூப்பிட்டா. நாலு நாளாக் காய்ச்சல், இப்ப மூச்சு வாங்குதாம். அம்மா என்னைக் கேட்டுக்கிட்டே இருக்காங்களாம்."

"அடடா."

"ஒம்பது மணி நேரப் பயணம்க்கா. பயணப் பாஸ் இல்லாம எல்லையில விட மாட்டாங்க. நானே கம்ப்யூட்டர்ல ரெண்டு தடவை போட்டேன். காரணம் போதாதுன்னு வந்துருச்சு. மேட்ரன்கிட்ட கேட்டேன், எப்படியாவது சமாளிச்சுக்கறோம், நீ போயிட்டு வான்னுட்டாங்க. அவங்களால எழுந்து உக்காந்து எழுத முடியல." அப்புறம், மிக மெதுவாக: "நீங்க எழுதினா குடுத்துருவாங்கக்கா."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்தப் பிரிவில் போட வேண்டும், எந்த அதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும், எந்த வார்த்தையைப் போட்டால் மறுக்க முடியாது என்பது வரைக்கும். பத்து நிமிஷ வேலை.

"தம்பி, கண்டிப்பா எழுதறேன்" என்றாள். "ஆனா... ரெண்டே ரெண்டு நாள் பொறுங்க. அப்பாவுக்குக் காய்ச்சல் விடட்டும். நீங்க போயிட்டா அவர் வாயைத் திறக்க மாட்டாரு. உங்களுக்கே தெரியும்."

அந்தப் பக்கம் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. வாளி ஒன்று நகர்ந்தது.

"அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. தங்கச்சி பக்கத்துல இருக்கா இல்ல?"

"சரிக்கா" என்றான்.

அவள் கம்ப்யூட்டரைத் திறக்காமல் இல்லை. திறந்தாள். 'பெறுநர்' என்று அடித்தாள். அதிகாரியின் பதவியை அடித்தாள். பொருள் வரிக்கு வந்ததும் போன் மினுங்கியது: 'ஐயா மதியம் எட்டு கரண்டி.' அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்த் துணி மடித்தாள். செவ்வாய்க்கிழமை அவன் எதுவும் கேட்கவில்லை. 'பதினொரு கரண்டி' என்று மட்டும் அனுப்பினான். 'அம்மா எப்படி இருக்காங்க' என்று அவளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

புதன்கிழமை காலை அப்பாவின் காய்ச்சல் இறங்கியது. பதினொன்றரைக்கு அவள் மனுவை எழுதி அனுப்பினாள். ஒரு எழுத்துப் பிசகாத மனு. பன்னிரண்டு பத்துக்குப் பாஸ் வந்துவிட்டது. நாற்பது நிமிஷம். திரையில் அந்த நேரத்தை இரண்டு முறை பார்த்தாள். உடனே நெட்டைக்கு அனுப்பிவிட்டு, போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். எடுக்கவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு நேராகச் சந்துக்குப் போனாள். ஜன்னலுக்குள் அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். எதிரில் நெட்டை உட்கார்ந்திருந்தான், கையில் கிண்ணம். கத்தினால் ஒழிய கண்ணாடி வழியாகச் சத்தம் வராது. ஆனால் அப்பாவின் உதடு, "எந்த மாடி?" என்று அசைந்தது தெரிந்தது. நெட்டை ஏதோ பதில் சொன்னான். அப்பா வாயைத் திறந்தார். அவன் கரண்டியை வைத்தான். துடைத்தான். காத்திருந்தான். மறுபடி வைத்தான்.

சாப்பிட்டு முடிந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவளைப் பார்த்தான். போனை எடுத்தான்.

"தம்பி, பாஸ் வந்திருச்சு. பார்த்தீங்களா? உடனே கிளம்புங்க. நான் வண்டிக்கு ஏற்பாடு பண்றேன்."

"காலையில ஒம்பதேகாலுக்கு அம்மா போயிட்டாங்கக்கா."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து அப்படியே எடுத்துட்டாங்களாம். வீட்டுக்குக் குடுக்கறதில்லையாம். தங்கச்சியே தூரத்துல நின்னுதான் பார்த்தாளாம்." நிறுத்தினான். "இப்ப போயி என்னக்கா பண்றது? இங்க ஐஞ்சு பேர்தான் இருக்கோம்."

இருபத்திரண்டு வருஷம் வார்த்தைகளை வைத்தே பிழைத்தவள். அந்தச் சந்தில் அவளுக்கு ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. "இன்னிக்கு ஐயா பதினாலு கரண்டி" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான். அடுத்த அறையில் யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். குனிந்து கதவு நிலையைத் தாண்டிப் போனான்.

அப்பா பிழைத்துக்கொண்டார். படுத்த நான்கு பேரில் மூன்று பேர் எழுந்தார்கள். துணி துவைக்கிற பிரிவில் இருந்த ஒரு அம்மா எழவில்லை. இல்லத்தில் ஏழு முதியவர்கள் போனார்கள். மேட்ரன் பிழைத்து, ஒரு சுற்று இளைத்து, கைத்தடியோடு வேலைக்குத் திரும்பினார்.

அவள் தினமும் ஜன்னலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நெட்டை தினமும் போனை அப்பாவின் காதில் வைத்தான். முன்போலவே பேசினான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவன் ஒருமுறை கோபப்பட்டு நாலு வார்த்தை கேட்டிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பாள். இரண்டு வாரம் உள்ளேயே வைத்திருந்துவிட்டு, ஒருநாள் அவளே சொன்னாள்.

"தம்பி, நான் திங்கக்கிழமையே எழுதியிருக்கலாம். பத்து நிமிஷ வேலை. நான்தான் எழுதல."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"பாஸ் வந்த நேரத்தைப் பார்த்தேனே. நீங்க மனு அனுப்பின நேரமும் அதுலயே இருந்துச்சு."

"அப்புறம் ஏன் தம்பி என்னை ஒண்ணும் கேக்கல?"

அவன் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. அப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தான். தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்.

"கேட்டா கோபம் வரும்க்கா. அப்புறம் அந்தக் கோபத்தோட நான் ஐயாவுக்கு ஊட்டணும். கை முரடாயிரும். அவருக்கு என்ன தெரியும், பாவம்?" கடைசிப் பொத்தானைப் போட்டான். "இந்த வேலையில இருக்கற வரைக்கும் கேக்க வேணாம்னு வச்சிருக்கேன்."

வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். அழுகையால் ஆகிற காரியம் எதுவும் இல்லை என்று தெரிந்தபோது, முகத்தைக் கழுவிக்கொண்டு எழுத உட்கார்ந்தாள்.

அந்த மனுவில் இரண்டு கோரிக்கைதான். முதியோர் இல்லங்களில் பார்த்துக்கொள்கிறவர்களின் வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால், மேட்ரன் கையெழுத்துப் போட்ட கடிதமே பயணப் பாஸாக ஏற்கப்பட வேண்டும். வேறு யாரிடமும் அவர்கள் போய் நிற்கக் கூடாது. அவர்கள் போகிற நாட்களுக்கு மாற்று ஆட்களைத் துறை அனுப்ப வேண்டும். இருபத்தாறு குடும்பங்களும் கையெழுத்துப் போட்டன. இழுத்தடித்து, ஒரு வழியாக ஆய்வுக் கூட்டத்தில் பேச அழைத்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் பதினாறு முகங்கள், சின்னச் சின்னக் கட்டங்களில். பழைய அதிகாரியும் ஒரு கட்டத்தில் இருந்தார்.

"இதுக்கு என்னம்மா அவசியம்? இப்பவும் மனுப் போட்டா குடுக்கத்தானே செய்யறோம்?" என்றார் நடுவில் இருந்தவர்.

எழுதி வைத்திருந்த தாளை அவள் கீழே வைத்தாள்.

"சார், என் அப்பாவுக்கு ஊட்டிக்கிட்டிருந்த பையன், அவன் அம்மா சாகக் கிடக்கறப்ப, பாஸுக்கு மனு எழுதித் தரச் சொல்லி என்கிட்ட வந்து நின்னான். எனக்கு எழுதத் தெரியும். நான் எழுதல. ரெண்டு நாள் எழுதல. எங்கப்பா சாப்பிடணும்னு எழுதல. அவன் அம்மா அவனைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாங்க. நான் கெட்டவ இல்ல சார். இந்த ஆளுங்களுக்காக ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சவ நான்தான். நானே இதைப் பண்ணியிருக்கேன். அவங்க பொழைப்பு எங்களை மாதிரி ஆளுங்க தயவுல இருக்கக் கூடாது. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி."

கட்டங்களில் ஒருத்தர் தன் மைக்கை அணைத்தார். கூட்டத்தில் இருந்த குடும்பத்தார் சிலர் அதன்பிறகு அவளிடம் சரியாகப் பேசுவதில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. பாதி உத்தரவு. கடிதம் பாஸாக ஏற்கப்படும் என்றது. மாற்று ஆட்களைப் பற்றி 'பரிசீலனையில் உள்ளது' என்றது. 'பரிசீலனையில் உள்ளது' என்று அவளே ஆயிரம் பேருக்கு எழுதியிருக்கிறாள், அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியும். மேட்ரன்தான் ஓய்வு பெற்ற நர்சுகள் இரண்டு பேரைப் பிடித்துப் போட்டார்.

நெட்டை ஊருக்குப் போனான். பதினைந்து நாள் லீவு என்று போனவன், தங்கச்சியைத் தனியாக விட முடியவில்லை, அங்கேயே ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது என்று மேட்ரனுக்குச் சொல்லிவிட்டான். கிளம்பிய அன்றைக்கு அவள் வாசலில் நின்றாள். அவன் கையில் ஒரே ஒரு பை. "ஐயாவுக்கு இடது பக்கம் ஒரு பல் ஆடுது. வலது பக்கமா ஊட்டச் சொல்லுங்கக்கா. முதல் வாய் வெதுவெதுன்னு இருக்கணும். அவசரப்படுத்தினா அன்னிக்கு முழுக்கத் திறக்க மாட்டாரு" என்றான். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

அப்பா அதற்கப்புறம் பதினான்கு மாதம் இருந்தார். கதவு திறந்த பிறகு, மதியச் சாப்பாட்டுக்கு அவளே போய் ஊட்டினாள். மூன்றாவது மாடி என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். சில நாள் திறப்பார், பல நாள் மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூங்குவதுபோலவே போய்விட்டார். அவள் பக்கத்தில் இருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கொடுப்பினை அவளுக்குக் கிடைத்தது.

எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்து நெட்டைக்குப் போன் செய்தாள். பின்னால் லாரி ஏதோ பின்வாங்குகிற சத்தம்.

"சொல்லுங்கக்கா. ஐயா எப்படி இருக்காரு?"

"அப்பா போயிட்டாரு தம்பி. ஞாயித்துக்கிழமை. கஷ்டப்படல."

லாரிச் சத்தம் மெல்ல விலகியது. அவன் நடந்து எங்கேயோ ஒதுங்குகிறான் என்று தெரிந்தது. பிறகு அவன் அழுதான். ஆம்பளை அழுகையை அடக்கிக்கொள்கிற மாதிரி இல்லை. அம்மா, அம்மா என்று வாய்விட்டு, மூச்சு முட்ட அழுதான். அம்மா போன அன்றைக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்.

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, தேற்றவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் வெறும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவன் அழுது முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.